சமவெளிக் கணக்கை இந்த இறக்கத்தில் போடாதீர்கள்

பெறுநர்: நீலகிரி மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு
பார்வைக்கு: மாவட்டக் காவல் துறை, மாநில நெடுஞ்சாலைத் துறை, எங்கள் உள்ளாட்சி நிர்வாகம்

மதிப்புக்குரிய அய்யா, அம்மா,

வணக்கம். கோடை சீசன் வந்துவிட்டால் ஊட்டிக்கு வரும் வண்டிகள் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழி ஏற்பாடு செய்கிறீர்கள். நெரிசலைக் குறைக்க அது தேவைதான், நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அதனால் எங்கள் சாலையில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். மலையில் வண்டி இறக்கிப் பழக்கமில்லாதவர்கள் அத்தனை பேரும் கட்டபெட்டு, கோத்தகிரி, அரவேனு, குஞ்சப்பனை என்று வீடும் பள்ளியும் தேயிலைத் தோட்டமும் ஒட்டியிருக்கும் ஒரே சாலையில் இறங்குகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. எத்தனை வண்டி என்பதற்கு ஒரு கணக்கு கிடைத்தது. அவை எப்படி இறங்க வேண்டும் என்பதை இன்னும் யாரும் கையில் எடுக்கவில்லை.

இந்தச் சாலையோரக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் லாரி, வேன் ஓட்டுநர்கள் உண்டு, மெக்கானிக்குகள் உண்டு, எலக்ட்ரீஷியன்கள் உண்டு. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். சரிவு, மூடுபனி, காட்டு விலங்கு இந்த மூன்றையும் மனதில் வைத்துப் பாதுகாப்பைத் திட்டமிடுங்கள். சமவெளியில் சரியாக வேலை செய்யும் ஏற்பாடு இங்கே பலனில்லாமல் போகும், சில சமயம் அதுவே ஆபத்தாகவும் மாறும்.

முதலில் பிரேக். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் உயரம் ஏறக்குறைய 1,450 மீட்டர் குறைகிறது. ஆட்களும் மூட்டைகளுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜின் அதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும், ஓட்டுநர் கியரைக் குறைத்து வைத்திருந்தால். நான்காவது கியரிலோ நியூட்ரலிலோ விட்டு இறங்கினால் அத்தனை சூடும் பிரேக் லைனிங் தலையில்தான் விழும். லைனிங் வழுக்க ஆரம்பிக்கும். அடுத்து பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உள்ளது. டாட் 3 என்ற ரகத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவே 140 டிகிரிதான். டாட் 4 ஆயிலுக்கு 230, 155. இரண்டு மூன்று வருடமாக ஆயில் மாற்றாத வண்டியில் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகி, பெடலை மிதித்தால் தரை வரை போய்விடும். ஓட்டுநர் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கீழே போய் ஆறியதும் மெக்கானிக் மிதித்துப் பார்த்தால் நன்றாகவே பிடிக்கும், ஆகவே காரணம் வெளியே வராமலே போகிறது.

வண்டியை எந்த கியரில் ஏற்றுவோமோ அதே கியரில் இறக்க வேண்டும். மலை ஓட்டுநர்களுக்கு இது பால்பாடம். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு 'டி' தவிர வேறு எழுத்து எதற்கு என்றே தெரிவதில்லை. 'எல்' அல்லது மேனுவல் முறையில் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் போட்டுவிடுவார்கள். அதைச் சொல்ல சரியான இடம் இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால். இப்போது 'இரண்டாம் கியரில் செல்லவும்' என்ற பலகைகள் இறக்கத்தின் நடுவில் நிற்கின்றன. அங்கே வரும்போது வண்டி ஏற்கெனவே வேகம் பிடித்திருக்கும், அந்த வேகத்தில் கியரைக் குறைக்கத் தெரியாதவர் தடுமாறுவார். ஆகவே கோத்தகிரி ஊர் எல்லையில், சமமான இடத்தில், பெரிய பலகை ஒன்று வேண்டும். தமிழ், கன்னடம், மலையாளம், ஆங்கிலம் நான்கிலும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வருபவர் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுவார், பலகையைப் படிக்க அவருக்குக் கிடைப்பது மூன்று நொடி. 'இறக்கம் ஆரம்பம். இரண்டாம் கியர் போடவும்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பலகை ஒளி பிரதிபலிக்கும் தாளாக இருக்கட்டும், பெயின்ட் எழுத்தை இரண்டு மழைக்காலத்தில் பாசி மூடிவிடும். வருடத்தில் இருமுறை சோப்புத் தண்ணீரால் துடைக்க ஆள் நியமித்தால் போதும்.

இ-பாஸ் எடுக்கும்போதே வண்டி எண்ணும் செல்போன் எண்ணும் உங்களிடம் வந்துவிடுகின்றன. திரும்பும் நாளன்று காலை அதே எண்ணுக்கு நான்கு வரிச் செய்தி அனுப்புங்கள். எந்த வழியாக இறங்க வேண்டும், எந்த கியரில், பிரேக் நாற்றம் வந்தால் என்ன செய்ய வேண்டும், ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. கடைசியாகச் சொன்னது வெறும் மரியாதை மட்டுமில்லை, 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகளிலும் இருக்கிறது. சீசனிலும் உள்ளூர்ப் பேருந்து, பால் வண்டி, ஆம்புலன்ஸ் இந்தச் சாலையில் ஏறத்தான் செய்யும்.

பிரேக் நாற்றம் வந்தால் நிறுத்துவதற்கு இடம் வேண்டும். இப்போது வண்டிகள் வளைவிலேயே நிற்கின்றன. ஆள் இறங்கி, பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றுகிறார். பழுக்கக் காய்ந்த டிரம்மில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், டிஸ்க் கோணும். தானாக அரை மணி நேரம் ஆற விட வேண்டும், அவ்வளவுதான். பிறகு இன்னொரு கெடுதல். வண்டி நகராமல் இருக்கப் பக்கத்துத் தடுப்புச் சுவரிலிருந்து கல்லைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கிறார்கள். கிளம்பும்போது கல் சாலையிலேயே கிடக்கும். சாயங்காலப் பனியில் ஸ்கூட்டியில் வருபவருக்கு அந்தக் கல் கண்ணில் படுவது ஐந்தடி தூரத்தில். ஆகவே இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக, சாலையின் அகலமான பகுதிகளைத் தேர்ந்து, 'பிரேக் ஆறும் இடம்' என்று பெயர்ப் பலகை வைத்து, மரக்கட்டை இரண்டைச் சங்கிலியில் கட்டிப் போடுங்கள். புதிதாக மலையை வெட்ட வேண்டாம், இருக்கும் இடத்தில் கடை போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். அதுபோல இன்னொன்று நடந்த பிறகு எங்கள் சாலைக்கு ஆய்வுக் குழு வருவதை நாங்கள் விரும்பவில்லை.

வேகத்தடை பற்றி. விபத்து நடந்த மறுநாள் ஊர் கூடி வேகத்தடை கேட்பதும், நான்கு கூடை ஜல்லியும் தாரும் கொட்டி மேடு போடுவதும் எங்கும் வழக்கம். எங்கள் மக்களே அப்படிக் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் பயம் நியாயமானது. ஆனாலும் இறக்கத்தின் நடுவில் வேகத்தடை வேண்டவே வேண்டாம். ஏறி வரும் லாரி அதில் வேகம் இழந்து நின்று பின்னால் உருளும். இறங்கும் வண்டி திடீரென்று பிரேக் அடிக்கும், ஏற்கெனவே சூடான பிரேக்கை. தூறலில் வரும் இருசக்கர வண்டி சறுக்கும், அதிலும் சில்வர் ஓக் இலை உதிர்ந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம். வேகத்தடை போட வேண்டியது குடியிருப்புத் தெருக்கள் பெரிய சாலையில் வந்து சேரும் வாயில்களிலும், பள்ளி முன்னால் சமதளம் உள்ள இடத்திலும். அளவும் முக்கியம். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பு சொன்ன வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நோகாமல் தாண்டலாம். அந்த அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போடும் மேடு காரின் அடியை உரசும், கர்ப்பிணியை ஏற்றி வரும் ஆம்புலன்ஸைக் குலுக்கும். வெள்ளைப் பட்டையும் 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத வேகத்தடையை, யார் போட்டிருந்தாலும், எடுத்துவிடுங்கள்.

மூடுபனிக் கணக்கு இன்னும் எளிது. ஈரச் சாலையில், நூறுக்கு ஆறு என்ற சரிவில், 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் கார் ஓட்டுநர் கண்ணால் பார்த்து மிதித்து நிற்க ஏறக்குறைய 35 மீட்டர் ஆகும். 20 கிலோமீட்டர் வேகம் என்றால் 13 மீட்டர். கட்டிப் பனியில் கண்ணுக்குத் தெரிவது 20 மீட்டர். ஆகவே 40 என்று எழுதிய பலகை பனி நாளில் தவறான தகவல். 'பனியில் 20' என்று அதன் கீழேயே இன்னொரு தகடு வேண்டும். காலை ஆறரை மணிக்கு அந்தப் பனியில்தான் கொழுந்து பறிக்கும் அக்காமார் சாலை ஓரமாக நடந்து போகிறார்கள், பிள்ளைகள் பள்ளி வண்டிக்கு நிற்கிறார்கள். கொழுந்துப் பையின் பின்பக்கமும் புத்தகப் பையிலும் 5 சென்டிமீட்டர் அகல ஒளிரும் பட்டை ஒன்று தைத்துவிட்டால் லோ பீம் வெளிச்சத்திலேயே பளிச்சென்று தெரியும். தோட்ட நிர்வாகங்களையும் பள்ளிகளையும் கூப்பிட்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். பனியில் ஹை பீம் போடுவது தன் கண்ணையே மறைத்துக்கொள்வது, ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. இந்த இரண்டையும் சோதனைச் சாவடியில் வாயால் சொன்னாலே பாதிப் பேர் கேட்பார்கள்.

வளைவில் வைக்கும் குவிந்த கண்ணாடி நல்லதுதான். காட்டு மாடு வந்து கம்பத்தில் முதுகு உரசி அதைத் திருப்பிவிடும், பிறகு அது ஆகாயத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கம்பத்திலும் பிடியிலும் ஒரே நேர்கோட்டில் சிவப்புக் கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் வழியே போகும் யாரும் சொல்லிவிடலாம்.

குறுக்குத் தெருக்கள் தனித் தொல்லை. பெரிய சாலை அடைத்துக்கொண்டதும் செல்போன் வரைபடம் வெளியூர்க்காரரை எங்கள் தெருவுக்குள் திருப்பிவிடுகிறது. மூன்று மீட்டர்கூட இல்லாத கான்கிரீட் பாதை, கீழே போனால் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் முடியும். ஒரு கார் மாட்டினால் பின்னால் ஐந்து வந்து நிற்கும், ரிவர்ஸில் ஏற்றி ஏற்றி கிளட்ச் தட்டு கருகும் வாடை தெரு முழுக்க அடிக்கும். அந்த நேரத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் 108 உள்ளே வராது. சீசன் மாதங்களில் இந்தத் தெருவாயில்களில் 'வழி முடிவு, திரும்ப இடமில்லை' என்ற பலகையும், வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை நகர்த்தக்கூடிய ஒரு தடுப்பும் வையுங்கள். ஆபத்தான நிலையில் வண்டியை விட்டுச் செல்வது மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவின்படி தவறு. வளைவில் தேநீர் குடிக்க நிறுத்துபவருக்கும், பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை அருகே யானையைப் படம் பிடிக்க நடுச் சாலையில் இறங்குபவருக்கும் அது பொருந்தும். அங்கே தேவை ரோந்து வண்டி, பலகை இல்லை.

இனி திருட்டு. எங்கள் பகுதியில் வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைகள் கோவையில், சென்னையில் இருப்பார்கள், வீடு இங்கே இருக்கும். சமவெளி வீட்டில் முன் கதவை உடைப்பார்கள். மலை வீட்டின் பலவீனம் பின்பக்கம். மேட்டை வெட்டி வீடு கட்டியிருப்பதால் பின்புற மண்திட்டு ஜன்னல் உயரத்துக்கு, சில இடத்தில் கூரை உயரத்துக்கே இருக்கும். முன்னால் இரும்பு கேட், கிரில், கேமரா எல்லாம் இருக்கும். பின்னால் குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் அலுமினியக் காடியில் சும்மா செருகியிருக்கும். வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்து, ஓசையில்லாமல் கீழே அடுக்கிவைத்துவிட்டு உள்ளே போகலாம். பட்டைகளின் இரு முனையிலும் சிலிக்கான் பசை வைத்து, உட்பக்கம் 12 மில்லிமீட்டர் கம்பியில் 10 சென்டிமீட்டர் இடைவெளி கொண்ட கிரில் போட்டால் அந்த வழி அடைபடும். இன்னொன்று, மழைக்காலத்தில் மரக்கதவு ஊறிப் பெருத்துத் தாழ்ப்பாள் முழுதாக விழாது. அவசரத்தில் பாதி விழுந்த தாழ்ப்பாளோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கதவை இழைத்துச் சரிசெய்து, தாழ்ப்பாளின் குட்டை ஸ்குரூக்களை எடுத்துவிட்டு 50 மில்லிமீட்டர் ஸ்குரூ முறுக்கினால் ஒரு உதைக்குத் தாங்கும். இவை வீட்டுக்காரர் வேலை, எங்கள் தெருக்களில் நாங்களே சொல்லிச் செய்ய வைக்கிறோம்.

காவல் துறையிடம் கேட்பது பூட்டிய வீட்டுப் பட்டியல். வெளியூர் போகிறவர்கள் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது இருக்கும் நடைமுறைதான். வெறும் பெயரும் கதவு எண்ணும் போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சாவி யாரிடம், தோட்டக்காரர் எந்தக் கிழமை வருவார், வீட்டில் விட்டுப்போன வண்டி எண் என்ன என்று ஐந்து வரிப் படிவம் வேண்டும். பீட் போலீஸார் வீட்டின் பின்பக்கம் வரை போய் டார்ச் அடித்துப் பார்த்துக் குறிப்பில் நேரம் எழுத வேண்டும். தெருவில் பைக்கில் சைரன் அடித்துப் போவதால் மண்திட்டில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது.

கேமரா வாங்கிக் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள், மகிழ்ச்சி. வாங்குமுன் எங்கள் எலக்ட்ரீஷியன்களைக் கேளுங்கள். லென்ஸைச் சுற்றியே அகச்சிவப்பு விளக்கு உள்ள சாதாரண கேமரா பனி இரவில் வெள்ளைத் திரையை மட்டும் பதிவு செய்யும், விளக்கொளி பனித்துளியில் பட்டு லென்ஸுக்கே திரும்புவதுதான் காரணம். விளக்கைத் தனியாக ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப் பொருத்த வேண்டும். வண்டி எண் தெரிய வேண்டுமானால் அதற்கென்று குறுகிய பார்வையுடைய ஒரு கேமரா, ஷட்டர் வேகம் 1/500 நொடிக்கு மேல் வைத்து, வேகம் குறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். சாலை முழுவதையும் காட்டும் கேமராவில் எண் தெரியவே தெரியாது. நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளுக்கு 86 ஜிபி ஆகும். 1 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்க ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் இருபதாம் நாள் ஊரிலிருந்து வந்து கதவு உடைந்ததைப் பார்க்கும்போது பதிவு இருக்காது. முப்பது நாள் வேண்டும் என்றால் 4 டிபி. மின்சாரம் அடுத்த சிக்கல். மரம் விழுந்தால் எங்களுக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி யுபிஎஸ் ஒன்றரை மணி நேரம் தாங்கினால் அதிகம். 100 ஏஎச் பேட்டரி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும். பதிவை வழக்குக்குக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும். கேமராவின் கடிகாரம் எத்தனை நிமிடம் தள்ளி ஓடுகிறது என்பதையும் அன்றே எழுதிவைக்க வேண்டும். இதைத் தெருவுக்கு ஒருவருக்கு நிலையத்திலேயே ஒரு மணி நேரம் கற்றுக்கொடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். தோட்டங்களில் வேலை செய்ய ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருப்பவர்கள் எங்கள் அண்டை வீட்டார். பாதுகாப்பு என்ற பெயரில் முகத்தையும் மொழியையும் பார்த்து அவர்களை நிறுத்தி விசாரிக்கும் தன்னார்வக் குழு எதற்கும் அனுமதி தராதீர்கள். சரிபார்ப்பு வேண்டும் என்றால் ஹோம் ஸ்டே, காட்டேஜ் உரிமையாளர்களிடம் ஆரம்பியுங்கள். விருந்தினரின் அடையாள அட்டை நகலும் வண்டி எண்ணும் பதிவேட்டில் இருக்கிறதா, வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அனுப்பினார்களா என்று பாருங்கள். அவர்கள் வெளியே போடும் உணவுக் கழிவையும் பாருங்கள். மூடியில்லாத குப்பைத் தொட்டிதான் கரடியைத் தெருவுக்கு அழைக்கிறது. கரடி பயத்தில் மாலை ஆறு மணிக்கே தெரு ஆளில்லாமல் போய்விடுகிறது, திருடனுக்கு அது போதும்.

தெருவிளக்கு எரியாத புகாரில் 'அந்த வளைவுக்குப் பக்கத்தில்' என்று எழுதினால் யாருக்கும் இடம் புரியாது. விபத்தென்று 108-க்கோ 112-க்கோ போன் செய்யும் வெளியூர்க்காரருக்கும் இதே கதிதான், சுற்றிலும் தேயிலையும் பனியும் தவிர அவர் சொல்ல எதுவுமில்லை. ஆகவே கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வரை ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எண் கொடுத்து, ஏறுபவருக்கும் இறங்குபவருக்கும் தெரியும்படி இரு பக்கமும் எழுத வேண்டும். மின்கம்ப எண்ணையும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் மஞ்சளில் எழுதி, அந்தப் பட்டியலை 108 கட்டுப்பாட்டு அறைக்கும் காவல் நிலையத்துக்கும் மின்வாரியத்துக்கும் கொடுத்துவிட்டால், இரவில் மூச்சுத் திணறுகிறவர் வீட்டுக்கு வண்டி வழி தேடாது.

இந்தக் கடிதத்தில் கேட்டிருப்பதில் மிகக் குறைந்த செலவுள்ளது இதுதான். பெயின்ட், பிரஷ், எழுதத் தெரிந்த கைகள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. நெடுஞ்சாலைத் துறை எண் வரிசையை முடிவுசெய்து அனுமதிக் கடிதம் கொடுத்தால், அடுத்து வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடுகிறோம். வேலை நடக்கும்போது போக்குவரத்தை நிறுத்தி அனுப்ப இரண்டு காவலர்களை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையோரக் குடியிருப்புவாசிகள்